பதினாலு பிரேம்

“கோல் கேமரா ரெக்கார்டிங்க நிறுத்திடு. லைவ் திக்குது.”

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கணவன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மைதானத்தின் மேற்குப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய கணினிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தகரத்தில் அடித்த வெயில் அப்படியே கீழே இறங்கிக் கொண்டிருந்தது. கணினிக்குள் இருந்த மூன்று விசிறிகளும் மாவு மில் மாதிரி இரைந்தன.

“நிறுத்த மாட்டேன். நீங்க பந்தப் பாருங்க,” என்றாள்.

மைதானத்தில் எல்லாருக்கும் அவள் கம்ப்யூட்டரம்மா. கணவன் கல்யாண வீடியோ எடுப்பவன். வார நாளில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மைதானம். அவன் நடுக்கோட்டுக்கு நேரே பரண்மேல் நின்று பெரிய கேமராவைத் திருப்புவான். கோல் கம்பத்துக்குப் பின்னால் இன்னொரு கேமரா ஆளில்லாமல் நிற்கும். இரண்டும் கேபிள் வழியாக அவள் கணினிக்கு வரும். எதை எப்போது ஜனங்களுக்குக் காட்டுவது, ஸ்கோர் எங்கே போடுவது, சத்தத்தை எவ்வளவு வைப்பது எல்லாம் அவள் பாடு.

நேரலையாகப் போகும் படத்தில் அவளுக்கு ஒருநாளும் திருப்தி இருந்ததில்லை. சிம் கார்டு இணையத்தில் போவதால் அதை நசுக்கித்தான் அனுப்ப வேண்டும். நடந்து போகிறவன் தெரிவான், ஓடுகிறவன் கரைந்துவிடுவான். அதனால் நசுக்காத படத்தைத் தனியாகக் கணினிக்குள் பதிவு செய்வாள். ஒரு கேமராவுக்கு ஒரு கோப்பு, நொடிக்கு ஐம்பது பிரேம், அதாவது ஐம்பது தனித்தனிப் படம். ஓடும் கால் கம்பளிப்பூச்சியாக இழுபடாமல் இருக்க ஷட்டரை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கில் வைத்து, வெளிச்சம் போதாமல் போனால் லென்ஸைத் திறந்து கொள்வாள். பாதியில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது உடையாத கோப்பு வகையாகப் பார்த்துப் போட்டிருந்தாள். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தது யார் என்று அவளுடைய வீடியோவைக் கேட்டார்கள். அவளிடம் இருந்தது நேரலைக்குப் போன படம் மட்டும். எல்லைக்கோட்டில் இரண்டு பெண்களும் ஒரே கஞ்சியாகத் தெரிந்தார்கள். நீல பனியன் போட்ட பெண் அழுதுகொண்டே, “அக்கா, இன்னொரு வாட்டி போடுங்கக்கா,” என்று கேட்டதும், எத்தனை வாட்டி போட்டாலும் கஞ்சி கஞ்சியாகவே இருந்ததும் அவளுக்கு ஆறாத புண்.

இப்போது திக்குவதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். கணினிக்குச் சூடு. இரண்டு பதிவு, ஒரு நேரலை, போதாக்குறைக்குத் திரை மூலையில் கால்பந்துச் சங்கச் செயலாளர் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன சங்கச் சின்னம் பம்பரமாகச் சுற்றிக் கொண்டிருந்தது. அவள் சின்னத்தைத் தூக்கினாள். நேரலை சீரானது.

ஐஸ் பேக்டரி அணியின் ஆட்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து, “கம்ப்யூட்டருக்கு காச்சலாக்கா?” என்றான்.

“ஆமாப்பா. கொதிக்குது.”

அவன் போய் டப்பாவிலிருந்து ஒரு ஐஸ் பாளத்தைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தான். “கிட்ட வெக்காத, தண்ணி பட்டா போச்சு. ஃபேனுக்கு முன்னாடி வை,” என்றாள். மேசை விசிறி ஐஸைத் தடவிக்கொண்டு கணினிமேல் குளிர்ந்து வீசியது. அவளுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

ஐந்து நிமிடம் கழித்து செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “சின்னம் எங்கம்மா?”

“சின்னம் வேணுமா, ஆட்டம் வேணுமா சார்?”

“ரெண்டும்தான் வேணும். அந்த ரெக்கார்டிங் எதுக்கு? லைவ் போனா போதும்னுதானே பேச்சு. யாரு உக்காந்து அத பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இத்தனைக்கும் அன்றைய ஆட்டத்தில் விசில் அவள் நாத்தனார் வாயில் இருந்தது. கணவனுக்கு மூத்தவள்; அவள் கூப்பிடுவது அண்ணி என்று. வாரம் ஆறு நாளும் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். நாற்பது மடிப்புத் துணியை ஒரே கோட்டில் வெட்டுகிற கை. புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கு வந்தவள், நாலு பேர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களே என்று மூலையில் உட்காராமல் நடுவர் பரீட்சை எழுதினாள். மூன்று வருஷம் கோட்டோரக் கொடி பிடித்து, இந்த வருஷம்தான் ஆண்கள் ஆட்டத்தில் நடுவராக நிற்க விட்டிருந்தார்கள். இது அரையிறுதி. ஐஸ் பேக்டரிக்கும் பஸ் டிப்போவுக்கும்.

அறுபத்தேழாவது நிமிடம். கோல் இல்லை. ஐஸ் பேக்டரிக்கு ஒரு கார்னர். கோலுக்கு முன்னால் பதினைந்து பேர் முண்டியடித்தார்கள். பந்தை இன்னும் உதைக்கவில்லை. திடீரென்று ஐஸ் பேக்டரியின் லோடுமேன், எல்லாரையும்விட ஒரு தலை உயரமானவன், முகத்தைப் பொத்திக்கொண்டு மரம் மாதிரி விழுந்தான். அண்ணியின் விசில் நீளமாகக் கேட்டது. ஓடி வந்தாள். டிப்போவின் எட்டாம் நம்பர்காரன் முன்னால் நின்று சிவப்பு அட்டையைத் தூக்கினாள்.

மைதானம் கொதித்தது. எட்டாம் நம்பர் மெக்கானிக் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “நான் இல்லீங்க! சத்தியமா நான் இல்லீங்க!” என்றான். டிப்போ ஆட்கள் சூழ்ந்தார்கள். அண்ணி ஒரு அடி பின்வாங்கவில்லை. அந்தக் களேபரத்தில் யாரோ ஜெனரேட்டர் ஒயரில் கால் தடுக்க, கணினித் திரை கருத்தது. மறுபடி உயிர் கொடுத்து நேரலையைக் கொண்டுவர ஆறு நிமிடம் ஆனது. பத்துப் பேராக ஆடிய டிப்போ கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. லோடுமேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாடை விரிசல்.

மறுநாள் காலையில் ஊரில் எல்லார் போனிலும் ஒரே படம் ஓடியது. நேரலையிலிருந்து வெட்டிய ஏழு நொடி. தூரத்திலிருந்து எடுத்தது, பதினைந்து பேரும் நிறம் குழம்பிய ஒரே மொத்தை. அதற்குள்ளிருந்து ஒருவன் தானாகவே விழுவதுபோல் இருந்தது. மேலே எழுதியிருந்தார்கள்: ‘துணி வெட்டுறவ கையில விசில் குடுத்தா இப்படித்தான்.’

தையல் கடையிலிருந்து மத்தியானமே அண்ணி வந்துவிட்டாள். கடைக்காரர் நல்லவிதமாகத்தான் சொன்னாராம், ரெண்டு நாள் ஓய்வெடு என்று. செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, “டிப்போ கிளப் தலைவர் மனு குடுத்திருக்காரு,” என்றாள். “யாரும் யாரையும் அடிக்கல, நான் வேணும்னே அட்டை காட்டினேன், ஆட்டத்த ரத்து பண்ணணும்னு. புதன்கிழமை விசாரணை.”

“தாடை தானா விரிஞ்சுதாமா?” என்றாள் கம்ப்யூட்டரம்மா.

“விழுந்த வேகத்துல தரையில பட்டுச்சாம்.” அண்ணி சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்தாள். “உன் ரெக்கார்டிங் இருக்கா, கரண்ட் போனதுல போச்சா?”

“இருக்கும் அண்ணி. இருக்கணும்.”

கணவனும் மண்டபத்திலிருந்து வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கணினியைத் தூக்கி வைத்தார்கள். கோல் கேமராக் கோப்பு கடைசி நொடிவரை உடையாமல் திறந்தபோது அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். அறுபத்தேழாவது நிமிடத்துக்குப் போய் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினாள்.

வியர்வைத் துளி தெரிந்தது. லோடுமேனின் பனியன் கழுத்துத் தையல் பிரிந்திருந்தது தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் பக்கவாட்டாக நின்றவனின் முழங்கை பின்னால் போய், திரும்பி வந்து, தாடையில் இறங்கியது.

“அடிச்சான்!” அண்ணி மேசையைத் தட்டினாள். “பாத்தியாடா! அடிச்சான்! என் கண்ணு என்னிக்கி ஏமாத்திச்சு?”

கணவன் சிரித்தான். “பாவிங்க. தானா விழுந்தானாம்.”

கம்ப்யூட்டரம்மாவின் விரல் பழக்கத்தில் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. அடித்தவன் நைசாக விலகினான். பத்து. கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பதினாலாவது பிரேமில் முதுகு முழுதாகத் தெரிந்தது. மூன்றாம் நம்பர்.

எட்டாம் நம்பர்காரன் அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தான். கீழே விழுந்தவனைத் தாங்கக் கையை நீட்டிக் கொண்டிருந்தான்.



“நடுவுல ஒருத்தன் குறுக்க வந்தான்,” என்றாள் அண்ணி மெதுவாக. “விலகினப்போ எட்டுதான் பக்கத்துல நின்னான். பாத்தேன்னுதான் நெனச்சேன்.”

மூன்றாம் நம்பர் டிப்போ தலைவரின் தங்கை மகன். அது ஊருக்கே தெரியும்.

கணவன்தான் முதலில் தேறினான். “அக்கா, இத வெளிய காட்ட வேண்டாம். காட்டினா ரெண்டு பக்கமும் உன்னத்தான் கடிப்பாங்க. செயலாளரும் காலையில போன் பண்ணாரு. லைவ்ல போனதுதான் சங்கத்துக் கணக்குல வீடியோ, அத மட்டும் குடுத்தா போதும்னு. குடுத்துடலாம். அதுல ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலன்னா நடுவர் சொன்னதுதான் சட்டம்.”

“அப்ப அந்த மெக்கானிக்கு?” என்றாள் அவள்.

“ஒரு சீசன் உக்காருவான். அவன் வயசுக்கு என்ன.”

“செய்யாததுக்கா?”

அண்ணி எழுந்து போய் அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பிறகு ஈரக் கையோடு வந்து, தம்பி மனைவியின் பின்னால் நின்றாள்.

“ஏம்மா. முழங்கை படுற இடம் வரைக்கும் தெளிவா இருக்குல்ல?”

“இருக்கு அண்ணி.”

“அதுவரைக்கும் போதும்ல? அடிச்சது நிஜம்தானே. நான் புளுகல. அதுக்கு அப்பறம் வர்றத... வெட்டிடலாமா?”

கேட்டுவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். நாற்பது மடிப்புத் துணியை நூல் பிசகாமல் வெட்டுகிறவள் பதினாலு பிரேமை வெட்டச் சொல்கிறாள். நொடியில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரம்மாவுக்கு அண்ணியைப் பிடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், பொம்பளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று மாமியார் குதித்தபோது, “அவ தொழில்ல கை வெக்காதம்மா,” என்று சொன்ன ஒரே வாய் இந்த வாய்தான்.

“வெட்ட முடியும் அண்ணி,” என்றாள். “வெட்ட மாட்டேன்.”

“நான் கேட்டாக்கூடவா?”

“நீங்க கேட்டாக்கூட. வெட்டினா அப்பறம் இது ரெக்கார்டிங் இல்ல. அந்தப் போன்ல சுத்துற ஏழு நொடி மாதிரி இதுவும் ஒண்ணு.”

“நான் தெருவுல நிக்கணும், அப்படித்தானே?”

“தெருவுல நின்னா நானும் பக்கத்துல நிப்பேன். வெட்ட மட்டும் சொல்லாதீங்க.”

செவ்வாய்க்கிழமை முழுதும் வீட்டில் சட்டியும் கரண்டியும்தான் பேசின. கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “உனக்குக் குடும்பம் பெருசா, கோப்பு பெருசா?” என்று கேட்டான். “குழம்பு வேணுமா?” என்று அவள் கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். பிறகு ஊற்றிக்கொண்டான்.

புதன்கிழமை மாலை சங்க அறையில் செயலாளர், டிப்போ தலைவர், இரண்டு பழைய நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் பூராவும் கோப்பை தூக்கிய ஆண்களின் படம். மூலை நாற்காலியில் எட்டாம் நம்பர் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸோடு, வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். அண்ணி நடுவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கம்ப்யூட்டரம்மா கணினியை வைத்த பிளைவுட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியதில் மூச்சு வாங்கியது. கணவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“இது எதுக்கும்மா?” என்றார் செயலாளர். “லைவ் வீடியோ எங்ககிட்ட இருக்கு. அதுதான் செல்லும்.”

“அதுல என்ன தெரியுது சார்?”

“ஒண்ணும் தெரியல. அதான் விஷயமே,” என்றார் டிப்போ தலைவர். “யாரும் அடிக்கலைன்னு தெரியுது.”

“ஒண்ணும் தெரியாத படத்துல யாரும் அடிக்கலைன்னு மட்டும் எப்படிங்க தெரியும்?”

பழைய நடுவர் ஒருவர் இருமிச் சிரிப்பை மறைத்தார். அவள் யாரிடமும் கேட்காமல் அறை டீவியின் ஒயரைப் பிடுங்கித் தன் கணினியில் சொருகினாள்.

“வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணலாம்,” என்றார் தலைவர்.

“வெட்டாத ரெக்கார்டிங் இருக்கு. மொத விசில்லேர்ந்து கரண்ட் போற வரைக்கும். எங்க வேணா நிறுத்துங்க, எங்க வேணா பின்னாடி போங்க. ஒரு பிரேம் கொறஞ்சிருந்தா இந்தப் பெட்டிய இங்கயே விட்டுட்டுப் போறேன்.”

படம் ஓடியது. முழங்கை தாடையில் இறங்கியதும் அறையில் ஒரு ‘ஸ்ஸ்’ கேட்டது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவள் விரல் தானாக நின்றது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். இதற்குமேல் எழுந்து போய்விட அண்ணிக்கு வழி இருந்தது. அடித்தது தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை.

அண்ணி எழவில்லை. “ஏன் நிறுத்திட்ட?” என்றாள். “ஓட்டு.”

பதினாலாவது பிரேமில் மூன்றாம் நம்பர் டீவி நிறைய நின்றது.

அண்ணி எழுந்தாள். “அடிச்சது நிஜம். அத நான் பாத்தேன், விசில் ஊதினேன். ஆள மாத்திட்டேன். அது என் தப்பு.” மூலையைப் பார்த்துத் திரும்பினாள். “தம்பி, நீ செய்யல. நான் உன்மேல போட்டுட்டேன். இத்தன பேரு முன்னாடி சொல்றேன்.”

மெக்கானிக் எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கையைச் சட்டையில் துடைத்தான். “நாலு நாளா எங்கம்மாவே நம்பலீங்க,” என்றான். “இத அவங்களுக்குக் காட்டணும்.”

“போன குடு. இப்பவே ஏத்தித் தர்றேன்,” என்றாள் கம்ப்யூட்டரம்மா.

தலைவர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். மூன்றாம் நம்பர் வெளியே போயிருந்தாலும் டிப்போ பத்துப் பேர்தான். ஆட்டம் மாறாது. அதை அவர் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்ததும் முகம் சிவந்தது. “ஆள் தெரியாம அட்டை காட்டுற நடுவர வெச்சுக்கிட்டு எப்படி லீக் நடத்துறீங்க?” என்று செயலாளர்மேல் பாய்ந்தார்.

செயலாளர் ஒரு வெள்ளைத்தாளை அண்ணி பக்கம் நகர்த்தினார். “ஒரு லெட்டர் எழுதிடும்மா. சொந்தக் காரணத்துக்காக விலகிக்கிறேன்னு. கௌரவமா முடிஞ்சிடும்.”

அண்ணி தாளை எடுத்து இரண்டாக மடித்து அவர் பக்கமே வைத்தாள். “தண்டனை குடுங்க. எத்தன ஆட்டம்னு சொல்லுங்க, வெளிய நிக்கிறேன். விலகல் லெட்டர் எழுத மாட்டேன்.” பழைய நடுவர்கள் இருவரையும் பார்த்தாள். “ஐயா, நீங்க ரெண்டு பேரும் முப்பது வருஷம் விசில் ஊதினவங்க. ஒரு தடவகூட ஆள மாத்தினதில்லையா? மாத்தியிருப்பீங்க. உங்க தப்பு எதுவும் ரெக்கார்ட் ஆகல. அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஒரு பழைய நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். இருமிச் சிரித்தவர், “ரெண்டு தடவ,” என்றார். “எனக்குத் தெரிஞ்சு ரெண்டு தடவ.”

மூன்றாம் நம்பருக்கு ஒரு சீசன் தடை. எட்டுக்கு விடுதலை. அண்ணிக்கு ஆறு ஆட்டம் பெரிய லீக்கில் விசில் கிடையாது; அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டம். எல்லாம் எழுதி முடிந்ததும் செயலாளர் கம்ப்யூட்டரம்மாவிடம் திரும்பினார். “இனிமே லைவ் மட்டும்தான். ரெக்கார்டிங் கிடையாது. ஆட்டத்துக்கு ஒரு பஞ்சாயத்துன்னு ஆயிடும்.”

“அப்ப லைவும் கிடையாது சார். வேற ஆளப் பாத்துக்கங்க.”

கணவன் அவளைத் திகைத்துப் பார்த்தான். செயலாளரையும் பார்த்தான். பிறகு டீவியிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான். “அவ சொல்றதுதாங்க,” என்றான். “கேமரா மட்டும் தனியா வராது.”

அந்த ஞாயிறு பெரிய மைதானத்தில் இறுதி ஆட்டம். யாரோ போனைக் கம்பத்தில் கட்டி நேரலை விட்டார்களாம்; சின்னம் நன்றாகச் சுற்றியதாம். அதே நேரத்தில் பின்பக்கத்துச் சின்ன மைதானத்தில், எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆட்டத்துக்கு, வேப்ப மரத்தடியில் கம்ப்யூட்டரம்மா மேசை போட்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கணவன் வெயிலைத் திட்டிக்கொண்டே கேபிள் இழுத்தான்.

ஆட்டத்துக்கு முன் அண்ணி மேசைக்கு வந்தாள். வாரம் முழுதும் இரண்டொரு வார்த்தைதான் பேசியிருந்தாள்.

“எத்தன கேமரா?”

“ரெண்டு அண்ணி.”

“கோல் கேமராவ எடுத்து என்மேல வை. ஆட்டம் முடியிற வரைக்கும் என்னையே பிடிக்கட்டும்.” தொப்பியைச் சரி செய்தாள். “அன்னிக்கி நான் நின்ன இடம் தப்பு. ரெண்டடி வலப்பக்கம் நின்னிருந்தா மூணு தெரிஞ்சிருப்பான். எங்க நிக்கிறேன், எப்ப பாக்கறேன்னு ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து பாக்கணும். முழுசா எடு.”

“நசுக்காமதானே?”

“பின்ன?” என்றாள் அண்ணி. பல் தெரியச் சிரித்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினாள்.

மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு பெண் கோலுக்கு முன்னால் தடுக்கி விழுந்தாள். அண்ணி வலப்பக்கம் இரண்டடி நகர்ந்து, பார்த்து, விசில் ஊதி, பெனால்ட்டி இடத்தைக் காட்டினாள். பெற்றோர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து கத்தினார்கள். ஒருவர், “கண்ணு தெரியலையா?” என்றார்.

அண்ணி நீட்டிய கையை இறக்கவில்லை. கம்ப்யூட்டரம்மா திரையின் ஓரத்தில் பதிவின் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள். எரிந்தது.